ஆத்துல மீன் கணக்கெடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சிங்கப்பூர்ல பீஷான் அங் மோ கியோ பார்க்ல காலாங் ஆத்தோரமா நின்னு பாத்திருப்பீங்க, 2012ல கான்கிரீட் கால்வாய எடுத்துட்டு ஆறு மாதிரியே வளைச்சு விட்ட இடம், மீன் கூட்டம் கூட்டமா ஓடும், பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா அங்க முதல்ல கண்ணுல படுற திலாப்பியா, கப்பி எல்லாம் வெளிய இருந்து வந்தது. மீன் நிறைய இருக்குங்கிறது வேற, இந்த ஊரு மீன் நிறைய இருக்குங்கிறது வேற. இத பிரிக்காம மொத்தமா எண்ணி எழுதுறதுதான் நான் பாக்குற பெரிய தப்பு.

விரால் இனத்துப் பெரிய மீன் தோமானையே எடுத்துக்கோங்க. மலாய்ப் பேரு இருக்கு, ஈரச் சந்தைலயும் பாக்குறோம், அதனால நம்ம ஊரு மீன்னு எழுதிடுறாங்க, ஆனா சிங்கப்பூருக்கு அது கொண்டுவந்து விட்ட மீன், இங்கேயே இருந்தது ஹருவான், அதாவது நம்ம விரால். ரெண்டோட குஞ்சும் சின்னதுல செவப்பா கூட்டமா சுத்தும், கலர மட்டும் பாத்து பேரு வைக்காதீங்க. கண்ணாடி மாதிரி தெரியுற சின்ன தொட்டில தண்ணியோட விட்டு பக்கவாட்டுல போட்டோ எடுங்க, அப்புறம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டி கேக்கலாம். மீன தொடுறதுக்கு முன்னாடி கைய நனைச்சுக்கோங்க, காஞ்ச கை பட்டா அதோட மேல் வழவழப்பு போயிடும், பாவம்.

அடுத்தது, பகல்ல மட்டும் போறது. கெளுத்தி ராத்திரிலதான் வெளிய வரும். நடு ஆத்துல மட்டும் வலை போட்டாலும் அதே கதைதான், கரையோரப் புல்லு, வேரு, ஊறிக் கிடக்குற இலை, இங்கதான் சின்ன மீனெல்லாம் ஒளிஞ்சிருக்கும். அப்புறம் கால்வாய்ல மட்டும் தேடிட்டு ஹார்லிகுவின் ரஸ்போரா அழிஞ்சு போச்சுன்னு சொல்லக்கூடாது, அது காட்டு ஓடை மீன், நீ சூன் சதுப்புக் காடு மாதிரி புளிப்பான, டீ கலர் தண்ணில வாழுறது. அங்கெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தோட அனுமதி இல்லாம வலையோட கால் வைக்கவே கூடாது.

மழை வர்ற மாதிரி இருந்தா இறங்காதீங்க, தண்ணி சில நிமிஷத்துல ஏறிடும், பார்க்ல சைரன் வச்சிருக்கிறதே அதுக்குத்தான். ஒரு இடத்துல நனைஞ்ச வலைய கழுவி காய வைக்காம இன்னொரு ஓடைல போடாதீங்க, நோயும் கூடவே போகும். பிடிச்ச மீன பிடிச்ச இடத்துலயே விடுங்க.

நிறைய பேரு விட்டுடுறது ஒன்னு இருக்கு: எத்தனை பேரு, என்ன வலை, எவ்ளோ நேரம்னு எழுதாம மீன் எண்ணிக்கைய மட்டும் எழுதுறது. போன தடவ நாலு பேரு ரெண்டு மணி நேரம் தேடி, இந்த தடவ ரெண்டு பேரு அரை மணி நேரம் தேடினா மீன் கொறைஞ்ச மாதிரிதான் தெரியும். ஒன்னுமே சிக்காத நாளையும் எழுதி வைங்க, "இல்லை"ன்னு இல்ல, "இந்த வலைல, இத்தனை மணிக்கு, இவ்ளோ நேரம் தேடி கிடைக்கல"ன்னு.