காஞ்சி இட்லி, மாமண்டூர் குடைவரை, உத்திரமேரூர் கல்வெட்டு: சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வருவது எப்படி?

பழைய கல்லைப் பார்க்க வேண்டும் என்றதும் சென்னைக்காரர்கள் வண்டியை மாமல்லபுரத்துக்குத்தான் விடுகிறோம். அதைப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்த பாடமாக நான் சொல்வது பாலாற்றுப் பக்கம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குகைகள், அவற்றை ஒட்டிப் பெரிய ஏரி, பிறகு தங்கள் ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்று ஓர் ஊரே கூடி எழுதிவைத்த கல்வெட்டு, வழியெல்லாம் அந்த மண்ணின் சாப்பாடு. இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரே நாளில், சரியான வரிசையில் பார்த்தால்தான் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது புரியும்.

முதல் படி: காலையில் காஞ்சி, வயிற்றுக்கு இட்லி

விடியுமுன் கிளம்பிவிடுங்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பேருந்திலும் போகலாம், செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலிலும் போகலாம். ரயில்கள் குறைவு என்பதால் நான் பேருந்தையே சொல்வேன்.

நேராக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பிரசாதக் கடையில் கோயில் இட்லி கேளுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் மாவிலேயே இருக்கும். வெந்ததும் உருளையாக எடுத்து வில்லை வில்லையாக நறுக்குவார்கள். வீட்டு இட்லி மாதிரி பஞ்சாக இருக்காது. கொஞ்சம் கரகரப்பு, நல்ல கனம். இரண்டு துண்டு தாராளம். சாம்பாரில் ஊறவைத்தால் சுக்கும் இலை மணமும் போய்விடும், அப்படியே சாப்பிடுவதுதான் சரி. சீக்கிரம் கெடாது என்பதால் ஒரு துண்டைக் கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சரியான மாமண்டூர்

பலர் வழுக்கும் இடம் இதுதான். மாமண்டூர் என்று இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று செங்கல்பட்டு தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில், தொலைதூரப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் ஊர். குகை இருப்பது அங்கே அல்ல. நாம் போக வேண்டியது காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் மாமண்டூர். மேப்பில் வெறுமனே ஊர்ப் பெயரைப் போட்டால் நெடுஞ்சாலை ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும். 'மாமண்டூர் குடைவரை' என்றோ 'தூசி மாமண்டூர்' என்றோ தேடுங்கள். காஞ்சியில் யாரிடம் வழி கேட்டாலும் "தூசி பக்கத்துல இருக்கிற மாமண்டூர்" என்றே கேளுங்கள். செவிலிமேடு பாலத்தில் பாலாற்றைக் கடந்து வந்தவாசி சாலையில் போகிறீர்கள் என்றால் சரியான வழி. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அங்கே ஒரு சிறிய குன்று. அதில் பாறையைக் குடைந்து செய்த நான்கு குகைகள், அதாவது குடைவரைகள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. தூண்களைக் கவனியுங்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. மகேந்திரவர்மன் பாணியின் அடையாளம் அது. சிங்கத்தூண், பெரிய புடைப்புச் சிற்பம் என்று மாமல்லபுரத்தை எதிர்பார்த்துப் போனால் இந்த எளிமையின் அழகு கண்ணில் படாது. ஒரு குகையில் மூன்று கருவறைகள். சோழர் காலக் கல்வெட்டு அதை ருத்ரவாலீசுவரம் என்கிறது. இன்னொன்று பாதியில் நின்ற வேலை. எனக்கு அதுவே மிகவும் பிடித்தது, பாறையை எப்படிக் குடைந்துகொண்டே போனார்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

குகைகளில் ஒன்றில், வடமொழி எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்தில் சிதைந்துபோன கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரவர்மன் எழுதிய நகைச்சுவை நாடகமான மத்தவிலாசப் பிரகசனத்தின் பெயர் அதில் வருகிறது. இதைப் பார்க்க டார்ச் வேண்டும். கைபேசி விளக்கு போதாது. அகலமாகப் பரவி எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெளுக்க வைத்துவிடும். ஒளி குவிகிற சின்ன கை டார்ச்தான் என் தேர்வு. அதைக் கல்வெட்டுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒளி கல்லின் மேல் வழுக்கிப் போகும்படி காட்டுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அதுவரை வெறும் பாறையாக இருந்த இடத்தில் வரி எழும்பி வரும். டார்ச்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடவே கூடாது. 1,400 ஆண்டு தாங்கிய எழுத்து அது.

இறங்குமுன் ஏரியைப் பாருங்கள். கல்வெட்டுகளில் இதற்குச் சித்திரமேகத் தடாகம் என்று பெயர். கீழே தெரியும் வயல்களுக்கு இன்றும் இந்த ஏரித் தண்ணீர் போகிறது.

நடுவில்: கூழும் மல்லாட்டையும்

வெயில் ஏறியதும் காஞ்சிக்குத் திரும்பி உத்திரமேரூர் சாலையைப் பிடியுங்கள். குறுக்கு வழி காட்டும் மேப்பை முதல்முறை நம்ப வேண்டாம். கோடையில் சாலையோரம் கேழ்வரகுக் கூழ் வண்டி கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், இருந்தால் கருவாட்டுக் குழம்பு. அறுவடைக் காலம் என்றால் அவித்த மல்லாட்டை கிடைக்கும். சென்னையில் வேர்க்கடலை என்று நாம் சொல்வதுதான், ஆனால் வயலில் பிடுங்கிய அன்றே அவித்ததன் ருசி வேறு. மதியச் சாப்பாட்டை உத்திரமேரூரில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி உள்ள மெஸ்ஸில் கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

மூன்றாம் படி: உத்திரமேரூர்

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்தான் இங்கே நமக்கு வேண்டியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921. ஊரின் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (ஊர்ப் பகுதிகள்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறை இதில் இருக்கிறது. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். எல்லோருக்குமான வாக்குரிமை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். காலையில் ஏரிக்கரையில் நின்றுவிட்டு வந்து இந்த ஏரி வாரியத்தைப் படிப்பதற்காகத்தான் இந்த வரிசை.

படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதலில் ப, ட, ம, ய ஆகிய எழுத்துகளைத் தேடுங்கள், இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாக இருக்கும். புள்ளியை எதிர்பார்க்காதீர்கள், மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுநடுவே கிரந்த எழுத்து வரும். தொடக்கத்தில் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று வருவதைக் கண்டுபிடியுங்கள், பராந்தகன் மதுரையை வென்றதைச் சொல்லும் பட்டம் அது. அதற்குப் பிறகு மற்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

இதே ஊரில் உள்ள சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், மாலையில் திறந்ததும் போங்கள். மூன்று தளங்களிலும் சன்னதி கொண்ட விமானம் அது.

பிற்சேர்க்கை: படித்துவிட்டுப் போய்வந்தவர்கள் கேட்டவை. கழிப்பறையை நம்பி மாமண்டூர் குன்றுக்குப் போகாதீர்கள், காஞ்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், வயதானவர்களை அழைத்துப் போவதானால் தை, மாசி நல்லது. பேருந்தில் போகிறவர்கள் காஞ்சியில் ஏறும்போதே மாமண்டூரில் நிற்குமா, குகைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வர உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போய்விட்டால் தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயில் வசதி.