பயிற்சி ஆட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது? மலைக் கல்லூரி கால்பந்து அணிகளுக்கு

இன்டர்காலேஜ் போட்டியில் எதிரணியை அட்டவணையே முடிவு செய்துவிடும். அதற்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் மட்டும்தான் நம் கையில் இருக்கின்றன. அவற்றை ஊட்டி, குன்னூர், கோத்தகிரி அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடித் தீர்ப்பது வீண். எல்லோருக்கும் பழகியது ஒரே குளிர்தான். கோவை வெயிலில் இறங்கினால் இரண்டாம் பாதியில் கால் எழாது.

ஐந்து ஆட்டம் வைக்க முடிந்தால் மூன்று சமபல அணிகளோடு இருக்கட்டும். ஒன்று, மாற்று ஆட்டக்காரர்கள் முழுநேரம் ஆடுவதற்காக எளிய அணியோடு. மற்றொன்று நம்மை நிச்சயம் திணறடிக்கும் அணியோடு. ஆனால் அதைக் கடைசியில் வைக்காதீர்கள். ஐந்து கோல் வாங்கிய கையோடு போட்டிக்குப் போனால் தடுப்பாட்டக்காரர்கள் பந்தைக் கண்டாலே பதறுவார்கள். மூன்றாவதாக வைத்தால் ஓட்டைகளை அடைக்க நாள் இருக்கும்.

வலுவான அணிக்கு கூடலூர், நாடுகாணி வழியே கேரளத்தின் நிலம்பூர் பக்கம் இறங்கலாம். போனிலேயே கேட்டுவிடுங்கள்: பதினொருவர் ஆட்டமா, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸா? மாணவர்கள் மட்டுமா, வெளி ஆட்டக்காரர்களும் உண்டா? புல்லா, செம்மண்ணா? மைசூர் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆட்டத்தை மதியத்துக்குள் முடிக்க ஒப்புக்கொள்ளும் அணியே சரி.

ஐந்தில் குறைந்தது இரண்டு ஆட்டம் சமவெளியில், மதியம் இரண்டு மணி வெயிலில் நடக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கோவை 410 மீட்டர் உயரம். மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதால் தூக்கி அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், குறைவாக வளையும். இங்கே நடுக்கோட்டைத் தாண்டும் கோல் கிக் அங்கே முன்னதாகவே விழும். கோல்கீப்பருக்கும் விங்கர்களுக்கும் இந்த அளவு ஆடித்தான் பிடிபடும்.

பந்தையும் கவனியுங்கள். ஊட்டியில் 10 பிஎஸ்ஐ காற்று அடித்த பந்து கோவையில் ஏழு, எட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டும். விதிப்படி குறைந்தபட்சமே 8.5. இறங்கியதும் பம்பும் கேஜும் வெளியே வரட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தவர்கள் தெளிய மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

சமவெளி அணி மலையேறி வந்து அன்றே ஆடித் தோற்றால், அந்த முடிவை வைத்து அணியைத் தேர்வு செய்யாதீர்கள். அவர்கள் மூச்சு வாங்கியே தோற்றிருப்பார்கள். அதே அணியோடு அவர்கள் மைதானத்தில் மறு ஆட்டம் கேளுங்கள்.