குளிர்காலமும் ரோசேசியா முகமும்: நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

டொராண்டோவுக்கு வந்த முதல் மூன்று வருடமும் ஜனவரி பிறந்தால் போதும், என் இரண்டு கன்னத்திலும் சின்னச் சின்னப் பொரிகள் கிளம்பிவிடும். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்ட மாதிரி ஓர் எரிச்சல். "இந்த வயசுல பருவா?" என்று அம்மா வீடியோ காலில் சிரிப்பார். நானும் பரு என்றே நம்பி, பரு மருந்தாக வாங்கிப் பூசிக்கொண்டிருந்தேன். அது பரு அல்ல, முகத்தின் நடுப்பகுதி சிவந்து சூடாகிப் பொரி கிளம்பும் ரோசேசியா என்ற நாள்பட்ட தோல் நோய் என்று தெரிந்தபோது எனக்கு வயது 36.

இவ்வளவு தாமதமானதற்கு நிறமும் ஒரு காரணம். ரோசேசியா என்று தேடினால் வரும் படங்களெல்லாம் தக்காளி போலச் சிவந்த வெள்ளைக்கார முகங்கள். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கன்னம் லேசாகக் கறுத்த மாதிரியோ செம்பு பூத்த மாதிரியோ இருக்கும், அவ்வளவுதான். முகம் சிவக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கண்ணாடியைவிடக் கையை நம்பலாம். புறங்கையைக் கன்னத்தில் வைத்தால் சூடாக இருக்கிறதா? சாதாரண க்ரீம்கூடச் சுரீர் என்கிறதா? பொரிகள் கன்னம், மூக்கு, நடு நெற்றி, மோவாய் என்று முகத்தின் நடுப்பகுதியிலேயே நிற்கின்றனவா? பரு என்றால் கூடவே கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். ரோசேசியாவில் அவை இருக்காது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தலும் அடிக்கடி வரும் கண்கட்டியும்கூட இதே நோயின் வேலையாக இருக்கலாம். அதைக் கண் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

சரி, குளிர்காலத்தில் ஏன் கூடுகிறது? குளிரும் காற்றும் ஒரு பக்கம். ஆனால் என் அனுபவத்தில் பாதித் தொல்லை, குளிருக்குப் பயந்து நாம் தேடிப்போகும் சூட்டிலிருந்துதான் வருகிறது. வெளியே மைனஸ் 15, கதவைத் திறந்து உள்ளே வந்தால் 22. குளிரில் சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிகின்றன. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ரோசேசியா உள்ளவர்களுக்கு அவை தேவைக்கு மேல் விரிந்து, மெதுவாகத்தான் அடங்கும். இதோடு ஹீட்டர் காற்று வேறு. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அதையே சூடாக்கி வீட்டுக்குள் விடும்போது வறண்ட காற்றாகி, ஏற்கெனவே ஓட்டைப் பானையாக இருக்கும் நம் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வெளியிலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றக் குனிவோம். எங்கள் வீட்டில் ஹீட்டர் காற்று வரும் துளை சரியாக அந்த இடத்தில்தான். சுகமாக இருக்கிறதே என்று அதன் மேலேயே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். அடுத்த அரை மணி நேரம் கன்னம் தோசைக்கல். காரில் சூடான காற்றை முகத்தை நோக்கித் திருப்பி வைப்பதும் இதே தப்புதான்; காலுக்குத் திருப்பிவிடுங்கள். உள்ளே வந்ததும் கோட்டையும் மப்ளரையும் உடனே கழற்றிவிட்டு, வாசல் நடையிலேயே கொஞ்ச நேரம் நின்று ஆறுவது நல்லது.

நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறும் உண்டு: ஆவி பிடிப்பது. சளி பிடித்தால் பாத்திரத்தில் கொதிநீர், அதில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு, தலையில் போர்வை. ரோசேசியா முகத்துக்கு இதைவிடக் கெடுதல் ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கொதிநீர் ஆவியின் சூடு ஒன்று. யூகலிப்டஸ், மென்தால், கற்பூரம் மூன்றுமே இந்தத் தோலைச் சீண்டக்கூடியவை என்பது இன்னொன்று. மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்ப்ரே போதும். தைலத்தை நெற்றியிலும் மூக்கிலும் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

மிளகு ரசத்தை விடச் சொல்கிறேனோ என்று பயப்படாதீர்கள். மிளகாயின் கேப்சைசின், தோலில் சூட்டை உணரும் அதே நரம்பு வாயில்களைத்தான் தட்டுகிறது. அதனால்தான் காரம் சாப்பிட்டால் முகம் குப்பென்று சுடுகிறது. ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. எனக்கு ரசம் பிரச்சினையில்லை, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் பிரச்சினை. டீ, காபியும் அப்படியே. பலருக்கும் காபியைவிட அதன் சூடுதான் ஆகாது. டபராவில் இரண்டு ஆற்று கூடுதலாக ஆற்றினால் தீர்ந்தது.

முகம் கழுவும் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுடச்சுட ஷவரில் முகத்தைக் காட்டாதீர்கள், கடலை மாவு, நார், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம், வெதுவெதுப்பான நீரும் மணமில்லாத மென்மையான க்ளென்சரும் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முகம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். கோடையில் போடும் லோஷன் இப்போது போதாது. செராமைடு, கிளிசரின், பெட்ரோலேட்டம் உள்ள கெட்டியான க்ரீம் தேவை. டப்பாவில் 'அன்சென்டட்' என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். வாடையை மறைக்க ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்துவிட்டும் அப்படிப் போடலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைப் பாருங்கள்.

எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தேங்காயெண்ணெயைக் கை காலுக்குத் தாராளமாகத் தடவுங்கள். முகத்தில், அதுவும் பொரி இருக்கும்போது, எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆலிவ் எண்ணெய் அதைவிட மோசம்; அதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஸ்டீராய்டு க்ரீம். ஊரிலிருந்து வரும் யாராவது பெட்டியில் இரண்டு ட்யூப் கொண்டுவந்து கொடுப்பார்கள். "போட்டுப் பாரு, ரெண்டே நாள்ல போயிடும்." உண்மைதான், இரண்டு நாளில் போய்விடும். எனக்கும் போனது. பத்து நாள் கழித்து நிறுத்தியதும் போனது கூட்டாளிகளோடு திரும்பி வந்தது. அதை அடக்க மறுபடி அதே ட்யூப். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவற்றை முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, ரோசேசியா இல்லாதவருக்குக்கூட அது மாதிரியே ஆகிவிடும். சிவப்பழகு க்ரீம் என்ற பெயரிலும் இவை உலவுகின்றன. பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-இல் விதித்தும், கடையில் கேட்டால் கிடைப்பது நமக்குத் தெரியாததல்ல. மாதக் கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய் எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

வெயிலே இல்லையே, சன்ஸ்க்ரீன் எதற்கு என்பது அடுத்தது. புதிதாக விழுந்த பனி, மேலே படும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தலைக்கு மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் போடுங்கள். அது விபூதி பூசிய மாதிரி வெளுத்துத் தெரிகிறதா? இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமூட்டியதாக வாங்கினால் நம் தோலோடு பொருந்திப் போகும்.

கம்பளி மப்ளர் நேராகக் கன்னத்தில் உரசினால் அரிக்கும். உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தில் செய்யும் தவறு பொறுமையின்மை. மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் க்ரீம் எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிட்டு, இணையத்தில் யாரோ சொன்ன, தோலை உரிக்கும் கிளைகாலிக் அமில சீரத்துக்குத் தாவுவோம். புதிதாக எதையும் ஒவ்வொன்றாக, முதலில் காதோரத் தாடையில் சில நாள் போட்டுப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்னத் தடிப்போடு மூட்டு வலி, காய்ச்சல், கடும் அசதி இருந்தால் அது லூபஸ் போன்ற வேறு நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சோதனை வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் முகம் சமத்துப் பிள்ளையாக இருக்கும். ஆகவே எரியும் நாளிலேயே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், இரண்டு கன்னத்தையும் படமெடுத்து வையுங்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள். என் போனில் அப்படி நாற்பது படம் இருந்தது. அதில் பன்னிரண்டின் கீழ் 'ஆவி பிடித்தேன்' என்று எழுதியிருந்தேன்.