உறைபனியிலும் பிழைக்கும் அகேவ்: நட்டு வளர்க்கும் முறை

முதல் குளிர்காலத்திலேயே ஒரு அகேவைப் (கற்றாழை மாதிரி சதைப்பற்றான இலைகள் கொண்ட செடி) பறிகொடுத்தேன். பனிதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டு, வெயில் வந்தபின் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு நிறக் கூழ், புளித்த நாற்றம். குளிரைத் தாங்கக்கூடிய செடிதான், ஈரத்தோடு சேர்ந்த குளிரில் அழுகிவிட்டது. இனி சொல்வது எல்லாம் அந்த ஈரத்தை விரட்டுகிற வேலைதான்.

முதலில் எந்தச் செடி. அகேவ் வகைகளில் ஆனைக்கற்றாழை கடும் உறைபனிக்கு ஆகாது. முள்ளில்லாத அட்டெனுவேட்டா பார்க்க அழகு, ஆனால் லேசான உறைபனிக்கே துவண்டுவிடும். என் ஓட்டு அகேவ் பாரியிக்குத்தான். அரிசோனா, நியூ மெக்சிகோ மலைப்பகுதிகளில் பனியில் கிடந்து பழகிய இனம், வேர் காய்ந்திருந்தால் மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். இடம் குறைவு என்றால் அகேவ் யூட்டாஹென்சிஸ்.

உறைபனி முழுதாக விலகியபின் நடுங்கள். அப்போதுதான் அடுத்த குளிருக்குள் வேர் பிடிக்கும். நல்ல வெயில் படும் இடத்தில் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டுங்கள். பாதிக்கு மேல் கல்லாக இருக்க வேண்டும்: நுரைக்கல், அல்லது 3 முதல் 6 மி.மீ. சரளை. நான் சறுக்கியது இங்கேதான். வடிகால் என்றால் மணல் என்று நினைத்துக் களிமண்ணில் பொடிமணலைக் கலந்தேன், அது இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. மேட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தேங்கி நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

இன்னொன்று, தொட்டியிலிருந்து எடுத்த செடியை அப்படியே நடாதீர்கள். வேரைச் சுற்றியிருக்கும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை கல்லுக்கு நடுவே நனைந்த பஞ்சாக உட்கார்ந்திருக்கும். முழுதாக அலசிவிட்டு, கறுத்த வேர்களை வெட்டி, நிழலில் மூன்று நான்கு நாள் காயப் போட்டு அப்புறம் நடுங்கள். வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், மேடு எப்படியும் கொஞ்சம் அமுங்கும் என்பதால் நான் இரண்டு விரல் உயர்த்தியே வைக்கிறேன். குருத்தில் தண்ணீர் தேங்காதபடி செடியைச் சற்றுச் சாய்த்து வைத்து, சுற்றிலும் சரளை பரப்பினால் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். முதல் கோடையில் மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள், இலையுதிர் காலம் தொடங்கியதும் அடியோடு நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம், கொழுகொழுவென வளரும் இலைதான் முதலில் உறையும்.

தோல் கையுறையாக இருக்கட்டும், ரப்பரை முள் துளைத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் பட்ட இடம் அரித்து எரியும். என்னிடம் உள்ளதிலேயே உருப்படியான கருவி நீளமான சமையல் இடுக்கிதான். இலைகளுக்கு நடுவே விழுந்த சருகை எடுக்க வேறெதுவும் சரிப்படவில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் குளிருக்குச் செடியைப் பாலிதீனால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததைவிட மோசமாக அழுகியிருக்கிறது. நான் எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். தலைக்கு மேல் மட்டும் பாலிகார்பனேட் (ஒளி புகும் கெட்டி பிளாஸ்டிக்) தகட்டைச் சாய்வாக நிறுத்தி, நாலு பக்கமும் காற்று போக விடுங்கள்.

நட்ட சில வாரங்களில் அடி இலைகள் காய்கின்றன என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டு மூன்று காய்வது சகஜம், வேர் பிடிக்கும்வரை அவற்றைத்தான் செடி உறிஞ்சிக்கொள்கிறது. குருத்து கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள், தண்ணீர்க் குவளையோடு ஓடாதீர்கள்.