நீச்சல் பிள்ளைகளின் தோள்வலி: வீட்டிலும் குளத்திலும் நாம் செய்கிற தவறுகள்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல் எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, நீச்சலுக்கும் லீவு. தை பிறந்ததும் பாண்டிச்சேரியில் போட்டி வருகிறது என்று, இரண்டு மாதம் சும்மா இருந்த பிள்ளையை ஒரே வாரத்தில் பழைய தூரத்துக்கு இறக்கிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். 25 மீட்டர் குளத்தில் 3 கிலோமீட்டர் என்றால் 120 நீளம், ஒரு நீளத்துக்கு ஒரு கை ஒன்பது வீச்சு என்று வைத்தாலும் ஒரே காலையில் ஆயிரம் முறைக்கு மேல் அந்தத் தோள் சுழல்கிறது. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, எலும்பை அதில் பிடித்து வைப்பது சுற்றியிருக்கிற சின்னத் தசைகள்தான். அவை களைத்துவிட்டால் பிடி தளரும், தசைநார் நசுங்கும். தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

"வலிக்காம மெடல் வருமா?" என்பது அடுத்தது. இரண்டு கையும் அசதியில் கடுப்பது வேறு, தோளின் முன்பக்கம் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துவது வேறு. பிள்ளைகள் சொல்லவும் மாட்டார்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம். என் மகளும் சொல்லவில்லை. பின்னல் போட வலது கை தலைக்குப் பின்னால் போகாமல் ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டாள், அப்போதுதான் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தைலம் தேய்த்து, மாத்திரை கொடுத்துத் திரும்பவும் குளத்துக்கே அனுப்பினேன். மாத்திரை வலியை மறைத்தது, அவ்வளவுதான்.

வலி இருக்கும்போது கையில் மாட்டும் பேடில் (தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் தட்டு) கூடாது, தோளுக்குச் சுமை ஏறும். சரி, காலால் மட்டும் அடி என்று கிக்போர்டை, அதாவது கையில் பிடிக்கிற மிதவைப் பலகையைக் கொடுப்பார்கள், கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் அதுவும் அதே இடத்தைத்தான் அழுத்தும். கையை உடம்போடு ஒட்டி மல்லாந்து அடிக்கலாம். ஃப்ரீஸ்டைலில் கை தலையைத் தாண்டிக் குறுக்கே விழுகிறதா, கட்டைவிரல் முதலில் இறங்குகிறதா, எப்போதும் ஒரே பக்கம்தான் மூச்சா என்று போனில் எடுத்துக் கோச்சிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஸ்ட்ரெச்சிங் என்று கரையில் நண்பன் பின்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு ஏற்கெனவே தளர்வு, இழுப்பதால் இன்னும் தளரும். வலி அடங்கியதும் பிசியோ சொல்லித்தந்தபடி ரப்பர் பேண்ட் இழுக்கட்டும்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். வளரும் வயதில் மேற்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளர்கிற இடம்) இன்னும் குருத்தெலும்புதான், அடிபடுவது அதுவாகவும் இருக்கலாம். ராத்திரி வலியில் எழுந்தால், கை மரத்தால், ஓய்வு கொடுத்தும் வலி விடாவிட்டால் எலும்பு டாக்டர்தான்.