டிக் வெல்டிங்கில் தையல் கருத்ததற்குக் காரணம் ஒரு ஓ-ரிங்

வீட்டு வேலைக்கென்று 200 ஆம்ப் டிசி டிக் மெஷின் வாங்கினேன்; டங்ஸ்டன் முனையில் மின்பொறி எழுப்பி, காற்று படாமல் ஆர்கான் கேஸ் காக்க, உலோகத்தைப் பற்றவைக்கும் மெஷின் அது. 1.5 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்பில் பற்றவைத்தால் தையல், அதாவது பற்றவைத்த கோடு, முழுக்கக் கரி, நடுநடுவே ஊசித்துளை, டங்ஸ்டன் முனையும் நீலம் பாய்ந்துவிட்டது. ஆர்கான் சிலிண்டரை மாற்றினேன், மாற்றமில்லை. கேஸை நிமிடத்துக்கு 8 லிட்டரிலிருந்து 18க்கு ஏற்றினேன், இன்னும் மோசம், ஏனென்றால் வேகம் கூடினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழே இல்லை. நான்கு நாள் போச்சு, வேறு மெஷின் வாங்கலாமா என்றுகூட விலை பார்த்தேன்.

அப்புறம் மெஷினை அணைத்துவிட்டு, கையில் பிடிக்கும் டார்ச்சிலேயே கேஸ் வால்வு இருப்பதால் கேஸை மட்டும் திறந்து, டார்ச்சின் பீங்கான் வாயை விரலால் அடைத்து, அதன் பின்மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் வைத்தேன். பொடிப்பொடியாகக் குமிழ். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மயிரிழை வெடிப்பு! புதியது போட்டு, கேஸை 8க்கே இறக்கி, டங்ஸ்டனை மறுபடி தீட்டினேன். தையல் வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று வந்தது.