சருகுப் பைக்கு எல்லா இலையையும் ஓவனில் போட வேண்டாம்

காட்டில் இலைச்சருகு எவ்வளவு வேகமாக மக்குகிறது என்று பார்க்க வலைப்பைகள் (எடைபோட்ட சருகை அடைத்துத் தரையில் விட்டு, பிறகு எவ்வளவு எடை குறைந்தது என்று கணக்கிடும் பைகள்) தயார் செய்கிறீர்களா? சருகை நிழலில் காற்றாடக் காயவைத்து அப்படியே எடைபோட்டுப் பையில் போடுங்கள், அதே குவியலிலிருந்து அன்றைக்கே நாலைந்து சிறு பிடி மட்டும் தனியே எடுத்து 60 முதல் 65 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும் வரை ஓவனில் வையுங்கள். 10 கிராம் 9 கிராமாக வந்தால், ஈரம் நீங்கிய எடை தெரிய எல்லாப் பைகளின் தொடக்க எடையையும் 0.9ஆல் பெருக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஓவனில் இடம், மின்சாரம், நாள் கணக்கான காத்திருப்பு எல்லாம் மிச்சம். அதைவிட முக்கியமாக, சூட்டில் காய்ந்த இலை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே கண்ணி வழியே தூளாகக் கொட்டும், அந்த இழப்பும் மக்கிய கணக்கில் சேர்ந்துவிடும். திசுக்கள் சிதைவதால் முதல் மழையிலேயே சத்துகள் கரைந்து ஓடும் வேகமும் மாறிப்போகும். பொட்டாசியம் ஏற்கெனவே சட்டென்று கரைகிற சத்து.

தடித்த இலையும் மெல்லிய இலையும் கலந்த குவியலுக்கு ஒரே எண் சரிப்படாது, இனத்துக்கு ஒன்று எடுங்கள். மழைக்காலத்தில் சருகு காற்றிலிருந்தே ஈரம் வாங்கும், அதனால் நேற்று எடுத்த எண்ணை இன்று எடைபோடும் பைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். மரத்தடிக் கூடைகளில் விழுந்த சருகின் மொத்த எடை மட்டும் வேண்டுமென்றால் இந்தக் கவலையே இல்லை, அதை முழுசாகவே ஓவனில் வைக்கலாம்.